பூட்டும் வரிசையும்

'பார்ட்டிஷன்' என்ற சொல் தமிழ்க் காதில் விழுந்ததும் முதலில் தோன்றுவது பாகப்பிரிவினைதான். பத்திர எழுத்தரின் திண்ணை, முத்திரைத்தாள், முகம் பார்த்துக்கொள்ளாத அண்ணன் தம்பி, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்ற கணக்கு. தரவுத்தளங்களைப் பராமரிப்பதைப் பிழைப்பாகக் கொண்ட நாங்கள் மூவரும் இதே சொல்லை நாளொன்றுக்கு இருபது முறையாவது உச்சரிக்கிறோம். எங்கள் பாகப்பிரிவினையில் சகோதரர்களுக்குள் மனத்தாங்கல் கிடையாது. ஆனால் யார் கதவை யார் முதலில் தட்டுவது என்ற வழக்கு அங்கும் உண்டு. இலக்கியம் பேசும் இந்தப் பக்கத்தில் பூட்டையும் சாவியையும் பற்றி எழுதுவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். வரிசை என்பது அகராதிக்காரர்களும் உரையாசிரியர்களும் நெடுங்காலம் சிந்தித்த விஷயம் என்பதால், முற்றிலும் அந்நியமான பேச்சாக இது இருக்காது என்று நம்புகிறோம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளின் பதிவுகள் ஒரே அட்டவணையில் குவிந்துகொண்டே போனால் அது ஒருநாள் தூக்க முடியாத பாரமாகிவிடும். அதனால் மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கிறார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரே அட்டவணை. உள்ளே எழுபது எண்பது சிறு அட்டவணைகள். நாங்கள் இவற்றைத் தாய் அட்டவணை, சேய் அட்டவணை என்று அழைத்துப் பழகிவிட்டோம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2017இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு முறையான கட்டளையாகவே இருக்கிறது. அதற்கு முன்னரும் வேறு வழியில் ஒட்டுப்போட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். இதில் தாய்க்குச் சொந்தமாக ஒரு வரிப் பதிவுகூட இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் பிள்ளைகளிடம் இருக்கின்றன. தாயின் பெயர்தான் வாசல்.

இனி பூட்டு. நூலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வாசிப்பறையில் ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துப் பத்துப் பேர் படிக்கலாம். ஒருவரால் மற்றவருக்கு இடையூறில்லை. ஆனால் அந்த இதழ்த் தொகுப்பைப் பைண்டிங்குக்கு எடுத்துச் செல்ல வருபவர், படிப்பவர்கள் அனைவரும் எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். அவர் எடுத்த பின் வேறெவரும் தொட முடியாது. போஸ்ட்கிரெஸில் அட்டவணைக்கு இப்படி எட்டுத் தரப் பூட்டுகள் உள்ளன. வாசிப்பவர் எடுப்பது மிக மெல்லியது. 'ஆக்சஸ் ஷேர்' என்று பெயர். அட்டவணையை அழிப்பவர், காலி செய்பவர், வடிவத்தை மாற்றுபவர் எடுப்பது பெரும்பாலும் எட்டாவதும் கடினமானதுமான 'ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்'. பிரிவுகளாக உள்ள அட்டவணை என்றால் தாய்க்கு ஒரு பூட்டு, தொட நேரும் ஒவ்வொரு சேய்க்கும் ஒரு பூட்டு. ஒருமுறை எடுத்த பூட்டை, தொடங்கிய பரிவர்த்தனை முடியும்வரை கையைவிட்டு இறக்குவதில்லை. வேலை பாதியில் இருக்கும்போது இறக்கினால், மற்றவர் அரைகுறையைப் பார்த்துவிடக்கூடும் என்பதே காரணம்.

இரண்டு பாகங்களாக வந்த ஒரு நாவல் இருக்கிறது. நூலகத்தில் ஒரே படி. ஒருவர் முதல் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்துக்காக நிற்கிறார். இன்னொருவர் இரண்டாம் பாகத்தை அணைத்துக்கொண்டு முதல் பாகத்துக்காக நிற்கிறார். இருவருமே நாகரிகமானவர்கள்; பறிக்க மாட்டார்கள். இருவருமே பொறுமைசாலிகள், கையிலிருப்பதை விடவும் மாட்டார்கள். நூலகம் மூடும் நேரம் வரும். கணினியில் மூடும் நேரம் கிடையாது.

இந்த நிலைக்கு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1960களில் வைத்த பெயர் 'மரணத் தழுவல்' என்ற பொருள் தருவது. அதைப் படித்தபோது எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் வாயில் வந்த சொல் 'திருதராஷ்டிர ஆலிங்கனம்'. பிறகு யோசித்தால் உவமை பொருந்தவில்லை. குருட்டு மன்னன் தழுவியதில் ஒருபக்கத்துக் கைதான் இறுகியது. மறுபக்கம் இருந்தது இரும்புப் பதுமை. இங்கே இரண்டு பக்கமும் கைகள், இரண்டும் இறுக்குகின்றன, எவரிடமும் வஞ்சம் இல்லை. இப்போது எல்லோரும் 'டெட்லாக்' என்கிறார்கள். நாளிதழ்த் தமிழில் 'முட்டுக்கட்டை' என்று எழுதுவதுண்டு. அது சற்றுப் பிழையான சொல் என்பது எங்கள் எண்ணம். முட்டுக்கட்டையைப் போடுபவர் ஒருவர் வெளியே இருக்க வேண்டும். டெட்லாக்கில் வெளியே எவரும் இல்லை. ஒற்றை மரப் பாலத்தின் நடுவில் எதிரெதிரே வந்து நின்ற இரண்டு ஆடுகளின் கதை பள்ளிப் பாடத்தில் படித்தது நினைவிருக்கும். அதுதான் அருகில் வருகிறது. ஆனால் அந்தக் கதையில் ஓர் ஆடு படுத்து மற்றதைத் தன்மேல் நடக்கவிட்டது. பூட்டுகளுக்கு அந்தப் பணிவு தெரியாது.

1965இல் டைக்ஸ்ட்ரா தம் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வினாவாக இதை அமைத்தார். டோனி ஹோர் அதற்கு ஐந்து தத்துவவாதிகள் உண்ணும் வட்ட மேசை என்ற வடிவத்தைக் கொடுத்தார். ஐந்து பேர், ஐந்து முள்கரண்டிகள், உண்ண இரண்டு தேவை. (கையால் பிசைந்து உண்ணும் நமக்கு, இரண்டு முள்கரண்டி இல்லாமல் உண்ண இயலாத உணவு எது என்ற ஐயம் தீர்ந்தபாடில்லை.) எல்லோரும் தத்தம் இடப்பக்கத்துக் கரண்டியை எடுத்துவிட்டு வலப்பக்கத்துக்காகக் காத்திருந்தால் ஐவரும் பட்டினி. தீர்வு வியக்கத்தக்க எளிமை உடையது. கரண்டிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுங்கள். எவரும் சிறிய எண்ணை முதலில் எடுக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஐந்தாமவர் மட்டும் வழக்கத்துக்கு மாறாக மறுபக்கத்தில் தொடங்க நேரும். அந்த ஒரு கோணலில் வட்டம் உடைந்துவிடுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹாவெண்டர் 1968இல் இதே வரிசை முறையை இயங்குதளத்துக்கு எழுதினார். 1971இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் டெட்லாக் நேர நான்கு நிபந்தனைகள் ஒருங்கே அமைய வேண்டும் என்று வகுத்தார்கள். பொருளைப் பகிர முடியாமை, கையிலிருப்பதை விடாமலே இன்னொன்றுக்குக் காத்திருத்தல், பறிக்க முடியாமை, வட்டமாக ஒருவரையொருவர் எதிர்பார்த்தல். நான்கில் எதை உடைத்தாலும் போதும். வரிசை என்பது நான்காவதை உடைப்பது.

தாய்க்கும் சேய்க்கும் எந்த வரிசை? இதற்கு விடை தந்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில், 1970களின் நடுவில், தம் சகாக்களுடன் எழுதிய கட்டுரைகளில் படிநிலைப் பூட்டு என்ற கருத்தை அவர் நிறுவினார். மேலிருந்து கீழாக இறங்கியே பூட்ட வேண்டும். கீழிருந்து மேலாகவே விடுவிக்க வேண்டும். கீழே ஏதோ செய்யப்போகிறேன் என்ற உத்தேசத்தை மேல்தட்டிலேயே ஒரு மெல்லிய பூட்டால் அறிவித்துவிட வேண்டும். வீட்டுக்குள் போகிறவர் முன்வாசலில் குரல் கொடுத்துவிட்டுப் போவதைப் போன்ற மரியாதை அது. 1998இல் கிரேக்கு டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரியில், தாயின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலோன் தீவுகளை நோக்கித் தனியாகப் பாய்மரப் படகில் சென்றவர் திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கூறுபோட்டு ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை. இந்தச் செய்தியைப் பூட்டுகளைப் பற்றிய கட்டுரையில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அது நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத் தரவுத்தளம் எங்கள் பராமரிப்புக்கு வந்தது. இரத்தம், சிறுநீர், உப்புகள், சர்க்கரை என ஒவ்வொரு பரிசோதனை முடிவும் ஒரு வரி. ஏழு ஆண்டுகளுக்கான முடிவுகள், மாதத்துக்கு ஒரு சேய், ஆக 84 சேய்கள். எங்களுக்கு முன்பு அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு நள்ளிரவு நிரலை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எட்டாம் ஆண்டுக்குள் நுழைந்துவிட்ட மிகப் பழைய மாதத்தை ஆவணக் கிடங்குக்கு நகலெடுத்து, அந்தச் சேயைக் காலி செய்து, பிறகு தாயிடமிருந்து பிரித்துவிடும் வேலை அதற்கு. மூன்றும் ஒரே பரிவர்த்தனைக்குள். மாதம் ஒரு முறை நடப்பது. தோற்றால் வெற்றி கிட்டும்வரை அடுத்தடுத்த இரவுகளில் மீண்டும் முயலும்.

ஓரிரவு இரண்டேகால் மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் இரவுப் பணிச் செவிலியர். "சார், பொட்டாசியம் ரிசல்ட் ஸ்கிரீன்ல வரவே இல்லை. லேப்ல கேட்டா அனுப்பியாச்சுன்னு சொல்றாங்க." சிறுநீரகம் செயலிழந்துவரும் ஒரு நோயாளி, இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதை அன்றுதான் நாங்கள் கேட்டு அறிந்தோம். பரிசோதனைக்கூடத்திலிருந்து எண்ணை வாய்மொழியாகப் படித்துச் சொன்னார்கள். மருத்துவர் உரிய மருந்தைத் தொடங்கினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அனுப்பப்பட்ட ஒரு முடிவு, தரவுத்தளத்தின் எந்த மூலையிலும் இல்லை. கருவியோடு பேசும் இடைநிலை மென்பொருள், பிழைச் செய்தி வந்தால் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த மாதிரிக்குச் சென்றுவிடும் வழக்கமுடையது. தரவுத்தளத்தின் நாட்குறிப்பில் 40பி01 என்ற குறியீடு இருந்தது. டெட்லாக் என்பதற்கான எண் அது.

இரு தரப்பையும் விசாரித்தோம். வேறு சொல் பொருந்தவில்லை, விசாரணைதான். முடிவைப் பதிவு செய்யும் பரிவர்த்தனை செய்தது இது: முதலில் தாயின் பெயரால் புதிய முடிவை எழுதியது; அது நடப்பு மாதச் சேய்க்குப் போய்ச் சேர்ந்தது. பின், அதே நோயாளியின் முந்தைய முடிவுகளோடு ஒப்பிட்டு, திடீர் மாற்றம் உண்டா என்று பார்த்தது. பரிசோதனைக்கூடங்களில் இது வழக்கமான சரிபார்ப்பு. இரண்டு நோயாளிகளின் குழாய்கள் மாறிவிட்டால் கண்டுபிடிக்க உதவும். அந்தத் தேடலில் தேதி நிபந்தனை இல்லை. ஆகவே 84 சேய்களிலும் தேட வேண்டும், 84 சேய்களுக்கும் வாசிப்புப் பூட்டு வேண்டும். தாயின் பூட்டு கையில் இருக்க, மிகப் பழைய சேயின் வாசலில் போய் நின்றது. அந்தச் சேயை நள்ளிரவு நிரல் ஏற்கெனவே காலி செய்து, எட்டாம் தரப் பூட்டோடு வைத்திருந்தது. அடுத்த கணம் நிரல், சேயைத் தாயிடமிருந்து பிரிக்க, தாயின் எட்டாம் தரப் பூட்டைக் கேட்டது. தாயின் மெல்லிய பூட்டோ முடிவைப் பதிவு செய்பவரிடம். ஒருவர் தாயிடமிருந்து சேய்க்கு வந்தார். மற்றவர் சேயிடமிருந்து தாய்க்குச் சென்றார். ஒற்றை மரப் பாலம்.

நிரலை எழுதியவரின் நியாயத்தை எங்களால் புரிந்துகொள்ள முடிகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிறகு பத்திரத்தை மாற்றுவதுதான் உலக வழக்கம். காலியான சேயைப் பிரிப்பது எளிது என்றும் அவர் எண்ணியிருக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, அவர் பயன்படுத்திய கட்டளைகளில் எதுவுமே தனித்தனியாகக் குற்றமுடையது அன்று என்பதுதான். ஒரு சேயை நேரடியாகப் பெயர் சொல்லிக் காலி செய்தால் தாய்க்குப் பூட்டு தேவையில்லை, போஸ்ட்கிரெஸும் கேட்பதில்லை. பிரிக்கும் கட்டளைக்குத் தாயின் பூட்டு தேவை. அது முதலில் தாயையே பூட்டுகிறது. ஒவ்வொரு கட்டளையும் தன்னளவில் முறை தவறவில்லை. இரண்டையும் ஒரே பரிவர்த்தனையில் இந்த வரிசையில் கோத்தபோதுதான் சேய் முதல், தாய் அடுத்து என்றாயிற்று. சொற்கள் எல்லாம் சுத்தமாக இருந்தும் வாக்கியம் தவறிப்போவதைப் போன்றது இது.

இதே போஸ்ட்கிரெஸ், ஒரு சேயை முழுவதுமாக அழிக்கும் 'டிராப்' கட்டளையில் எவ்வளவு எச்சரிக்கையாக நடந்துகொள்கிறது என்று அதன் மூலநிரலைத் திறந்து பார்த்தோம். நாம் சேயின் பெயரை மட்டுமே சொல்கிறோம். அது உடனே சேயைப் பூட்டுவதில்லை. இந்தச் சேயின் தாய் யார் என்று கேட்டறிந்து, முதலில் தாயைப் பூட்டி, பிறகே சேயின் வாசலுக்கு வருகிறது. தாயைத் தேடிப்போன இடைவெளியில் சேயின் பெயரோ நிலையோ மாறிவிட்டிருந்தால் எடுத்ததை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஏன் இந்தச் சுற்று என்பதற்கு அங்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள்: கேள்விகள் தாயை முதலில் பூட்டுவதால் நாமும் அவ்வாறே செய்ய வேண்டும் என்ற கருத்தில். முகம் தெரியாத எவரோ, பின்னால் வரப்போகும் எவரோ ஒருவருக்காக ஓரத்தில் எழுதிவைத்த அந்தக் குறிப்பு, ஏட்டுச்சுவடியின் விளிம்பில் உரைகாரர் கீறிவைத்த ஒரு வரியைப் போல எங்களுக்குத் தோன்றியது.

டெட்லாக் நேர்ந்துவிட்டால் எவர் விட்டுக்கொடுப்பது? எங்களுக்குத் தூக்கம் கெட்டது இந்தக் கேள்வியினால்தான். போஸ்ட்கிரெஸ் எல்லா நேரமும் வட்டங்களைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. அது செலவு மிகுந்த வேலை. பூட்டுக்காகக் காத்திருப்பவர் ஒரு நொடி பொறுத்துப் பார்க்கிறார். அந்த ஒரு நொடி என்பது இயல்பாக வைக்கப்பட்ட அளவு, மாற்றிக்கொள்ளலாம். நொடி கடந்ததும் அவரே எழுந்து, நான் நிற்பது வட்டத்திலா என்று ஒருமுறை ஆராய்கிறார். வட்டம் தெரிந்தால் தம்மையே முடித்துக்கொள்கிறார். கண்டுபிடித்தவரே பலி. தெரியாவிட்டால் மீண்டும் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் இன்னொருமுறை ஆராய்வதில்லை.

ஆகவே, முடிவைப் பதிவு செய்பவர் சேயின் வாசலில் நின்ற ஒரு நொடிக்குள் நிரல் தாயைக் கேட்டுவிட்டால், முதலில் கண்விழிப்பவர் பதிவு செய்பவர். அவர் மடிவார், பொட்டாசியம் எண் அவரோடு போகும். நிரல் தாமதித்து, ஒரு நொடி கடந்த பின் கேட்டால், வட்டத்தைக் காண்பது நிரல். அது மடியும், மறுநாள் மீண்டும் முயலும். பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினோம். பெரும்பாலான மோதல்களில் மடிந்தது நிரல்தான். அதனால்தான் எவரும் கவனிக்கவில்லை. காலி செய்த பின் ஆவணக் கணக்கை எழுதும் ஒரு சிறு வேலை இடையில் இருந்தது. கிடங்கு வட்டு மந்தமாக இருக்கும் இரவுகளில் அது நேரம் எடுத்தது, நிரல் மடிந்தது, நோயாளிகளின் எண்கள் பிழைத்தன. அண்மையில் மருத்துவமனை வேகமான வட்டு வாங்கிப் பொருத்தியிருந்தது.

மற்ற தரவுத்தளங்கள் இதில் வேறு வேறு நியாயம் வைத்திருக்கின்றன. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, குறைந்த வரிகளை மாற்றியவரைப் பலியிட முயல்கிறது. ஒரே ஒரு வரி எழுதியவருக்கு அங்கே என்ன கதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர், எவருக்கு எவ்வளவு முன்னுரிமை என்று முன்கூட்டியே எழுதித்தர அனுமதிக்கிறது. சமமானால் திருப்பிச் சுருட்டச் செலவு குறைந்தவரைத் தேர்கிறது. ஆரக்கிள் பரிவர்த்தனை முழுவதையும் அழிக்காமல், வட்டத்தைக் கண்ட அந்த ஒரு கட்டளையை மட்டும் பின்வாங்கிக்கொண்டு மற்றதை எழுதியவரின் முடிவுக்கு விடுகிறது. எது சிறந்தது என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. எந்த இயந்திரத்துக்கும், ஒரு வரி என்பது ஒரு மனிதரின் பொட்டாசியமா அல்லது ஏழாண்டுக்கு முந்தைய சர்க்கரை அளவா என்று தெரியாது. எண்ணிக்கைதான் அதற்குத் தெரியும்.

திருத்துவதில் மூவருக்கும் மூன்று கருத்து. ஒருவர், தோற்ற பரிவர்த்தனையை மறுபடி முயலும்படி இடைநிலை மென்பொருளை மாற்றினால் போதும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 40பி01 என்ற எண்ணே 'மறுபடி முயல்' என்பதற்கான அழைப்புதான். அதை எழுதிய நிறுவனத்தாரிடம் கேட்டுச் செய்தும் கொண்டோம். ஆனால் அது ஆடு நீந்தக் கற்றுக்கொள்வது. பாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாமவர், ஒப்பிடும் தேடலில் கடந்த ஆறு மாதம் என்ற தேதி நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னார். அப்படிச் செய்தால் தேவையற்ற சேய்களை வினாத் திட்டமிடல் கட்டத்திலேயே கழித்துவிடும். 2019இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து கழித்த சேய்களுக்குப் பூட்டும் எடுப்பதில்லை. மருத்துவர்களைக் கேட்டபோது, ஆறு மாதத்துக்கு முந்தைய முடிவோடு ஒப்பிடுவதில் இந்தச் சரிபார்ப்புக்குப் பயனும் இல்லை என்றார்கள். இதில் ஒரு சிறு பொறி உண்டு. தேதியை மாறியாக வைத்து முன்கூட்டித் தயார்செய்த வினாக்களில், எல்லாத் தேதிகளுக்கும் பொதுவான ஒரு திட்டத்தைத் தரவுத்தளம் தேர்ந்துகொண்டால், கழித்தல் பின்னால்தான் நடக்கும். பூட்டோ எல்லாச் சேய்களுக்கும் எடுக்கப்பட்டுவிட்டிருக்கும். அந்த இணைப்புக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிடுமாறு சொல்லி வைத்தோம்.

மூன்றாமவர் வரிசையை மாற்றச் சொன்னார். நாங்கள் கடைசியில் சேர்ந்து நின்றது அங்கேதான். பிரிப்பது முதலில், அதுவும் தனியான சிறு பரிவர்த்தனையில். அதன்பின் அந்தச் சேய் தாயற்ற தனி அட்டவணை. எவருடைய தேடலும் அங்கே வராது. நகலெடுப்பதும் அழிப்பதும் ஆற அமர நடக்கலாம்.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். தாய் முதலில் என்பது சரி. 84 சேய்களுக்குள் எந்த வரிசை? எங்களுக்கும் அந்த ஐயம் எழுந்தது. விடையைத் தேடியபோது பழைய ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. திவாகரம், பிங்கலம் முதலான நிகண்டுகள் சொற்களைப் பொருள் நோக்கில் அடுக்கின: தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று. அறிவார்ந்த அடுக்கு; ஆனால் ஒரு சொல் எந்தத் தொகுதியில் இருக்கும் என்பதை அறிய அந்த அறிவு வேண்டும். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் எழுத்து வரிசையைக் கைக்கொண்டது. எழுத்து வரிசையில் பொருள் எதுவும் இல்லை. அதனாலேயே இருவர் அதில் வேறுபட வழியில்லை.

போஸ்ட்கிரெஸில் இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு அட்டவணைக்கும் பிறக்கும்போது ஓஐடி என்ற ஓர் எண் தரப்படுகிறது. ஒரு தாயின் சேய்கள் அனைத்தையும் திரட்ட வேண்டிய இடங்களில், உதாரணமாகத் தாயை வெளிப்படையாகப் பூட்டும் கட்டளையில், சேய்களை ஓஐடி வரிசையில் அடுக்கியே பூட்டுகிறார்கள். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டினால்தான் வீண் டெட்லாக் நேராது என்று அங்கும் குறிப்பு உண்டு. அகராதி வரிசை. ஆனால் பன்னிரண்டாம் பதிப்பு முதல், வினாவைத் திட்டமிடும் பகுதி, கழித்தது போக மீந்த சேய்களை அவற்றின் எல்லை வரிசையில், அதாவது எங்கள் அட்டவணையில் மாத வரிசையில், திறக்கிறது. நிகண்டு வரிசை. புதிய வரிகளை எழுதுபவரோ, எந்த வரி எந்தச் சேய்க்குப் போகிறதோ அந்த ஒழுங்கில், போகும்போது பூட்டிக்கொண்டே போகிறார். அது கவியின் வரிசை. முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரே வீட்டில் மூன்று வரிசை இருந்தும் குழப்பம் நேராதிருப்பதற்குக் காரணம் அந்த முன்வாசல்தான். மோதக்கூடிய இருவர் தாயிடமே மோதி, ஒருவர் வெளியே நின்றுவிடுகிறார். உள்ளே அறைகளை எந்த ஒழுங்கில் திறந்தாலும் எதிர்ப்பட ஆளில்லை. பின்கொல்லை வழியாக, சேயின் பெயரைச் சொல்லி நேரே நுழைபவர் வந்தால் மட்டுமே இந்த ஏற்பாடு குலைகிறது. எங்கள் நிரல் அப்படி வந்ததுதான்.

பிறகு தரவுத்தளத்தைப் பதினான்காம் பதிப்புக்கு உயர்த்தினோம். 2021இல் வந்த அந்தப் பதிப்பில், தாயின் எட்டாம் தரப் பூட்டு இல்லாமலே சேயைப் பிரிக்கும் வழி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது; இரண்டு பரிவர்த்தனைகளாக, இடையில் பழைய வாசகர்கள் அனைவரும் வெளியேறக் காத்திருந்து பிரிக்கும். மகிழ்ச்சியோடு கட்டளையை எழுதினோம், மறுத்துவிட்டது. 'இயல்புச் சேய்' என்ற ஒன்று இருக்கும் தாய்க்கு இந்த வழி அனுமதிக்கப்படுவதில்லை. எந்த மாதத்திலும் அடங்காத வரிகள் போய்ச் சேருமிடம் அது. எங்கள் தாய்க்கு அது இருந்தது; இருந்தேயாக வேண்டும். பரிசோதனைக் கருவி ஒன்றின் உள் மின்கலம் தீர்ந்துபோனால் அதன் கடிகாரம் 1970க்குத் திரும்பிவிடும். அந்தக் கருவியிலிருந்து வரும் முடிவுகளுக்குத் தேதி தவறு, எண் சரி. இயல்புச் சேய் இல்லையென்றால் அந்த முடிவுகளைத் தரவுத்தளம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பூட்டின் வசதிக்காக ஒரு நோயாளியின் எண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு எங்கள் மூவரில் எவருக்கும் மனமில்லை.

ஆகவே பழைய வழியிலேயே பிரிக்கிறோம். தாயின் எட்டாம் தரப் பூட்டை நிரல் கேட்கும்; இரண்டு நொடிக்குள் கிட்டாவிட்டால் கேட்பதை விட்டுவிட்டுப் போய்விடும். அந்த எல்லை மிக முக்கியம். கடினப் பூட்டுக்காக ஒருவர் வரிசையில் நிற்கத் தொடங்கினால், அவருக்குப் பின்னால் வரும் மெல்லிய வாசகர்களும் வரிசையில் நிற்க நேரும். அவர் அரைமணி நின்றால் மருத்துவமனையே அரைமணி நிற்கும். இரண்டு நொடி என்ற அளவைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியரிடம் கேட்டுத்தான் வைத்தோம். திரை இரண்டு நொடி தாமதித்தால் பரவாயில்லையா என்றதற்கு, அவ்வளவு வேகமாக அது என்றைக்கு வந்தது என்று அவர் சிரித்தார். ஐந்து நிமிடம் கழித்து நிரல் மறுபடி வந்து கேட்கும். சென்ற மாதம் பதினொரு முறை கேட்டுத் திரும்பிப்போய், பன்னிரண்டாம் முறை, விடியற்காலை மூன்றரை மணிக்குச் சற்றுப் பின்னர், வாசலில் ஆளில்லாத ஒரு கணத்தில் உள்ளே சென்று சேயைப் பிரித்துக்கொண்டு வந்தது.